சந்தேகம் வந்தாலே போதும், புறப்படுங்கள்

(தென்னந்தோட்டக் கிளைகளின் மாதாந்தக் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வேலை காரணமாக வர முடியாமற்போன உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



இந்த இடத்தில் நின்று நாங்கள் வழமையாகப் பேசுவது சம்பளத்தைப் பற்றி, அரைப்பேர் வெட்டுவதைப் பற்றி, ஒழுகும் கூரையைப் பற்றி. இன்றைக்குப் பேசப்போவது ஒரு சின்னச் சாமானைப் பற்றி. இதோ, கையில் இரண்டு சாமான் வைத்திருக்கிறோம். ஒன்று ஒரு ரூபாய்க் குற்றி. மற்றது ஒரு பற்றரி. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு எது எதுவென்று தெரியாது. முன்வரிசையில் இருப்பவர்களே கொஞ்சம் உற்றுப் பார்த்துத்தான் சொல்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மினுங்குகிற எதுவும் அந்த வயதில் வாய்க்குத்தான் போகும்.

இதைப் பொத்தான் பற்றரி என்கிறார்கள். கடிகாரப் பற்றரி என்று சொல்பவர்களும் உண்டு. இது பிள்ளையின் தொண்டைக்குக் கீழே, சாப்பாடு இறங்குகிற குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே அந்தக் குழாயைக் கடுமையாக வேகவைத்துவிடும். இரண்டு நாள் இல்லை, இரண்டு மணித்தியாலம். இந்த ஒரு கணக்கை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போனாலும் நாங்கள் பேசியதற்குப் பலன் கிடைத்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

எங்கள் அங்கத்தவர் ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். அந்தத் தாயிடம் கேட்டுத்தான் சொல்கிறோம்.

தாய் தேங்காய் பொறுக்கும் வேலைக்குப் போயிருந்தார். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். இரண்டு வயதுப் பிள்ளை அம்மம்மாவோடு லயத்தில் இருந்தது. வீட்டில் நிறம் மாறுகிற லைட் ஒன்று வாங்கிப் பூட்டியிருந்தார்கள். அதோடு தட்டையான ஒரு சின்ன ரிமோட்டும் வந்திருந்தது. டிவி ரிமோட் போல நீட்டுப் பற்றரி போடுவதில்லை. ஓரத்திலே ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதை நகத்தால் இழுத்தால் வெளியே வரும், அதற்குள்ளே இந்த வட்டப் பற்றரி இருக்கும். அம்மம்மா சோறு வடித்துவிட்டு வந்து பார்க்கிறார், ரிமோட் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். பற்றரியைக் காணவில்லை.

பாயைத் தூக்கிப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழே பார்த்தார், முற்றத்து மணலைக்கூடக் கிளறிப் பார்த்தார். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. விழுங்கியிருந்தால் கீழே இறங்கட்டும் என்று வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்தார். அவரிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியனைத் தோட்டத்துக்குள் அனுப்பினார். பொடியன் தாயைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம். தாய் கேட்காமல் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று, மேற்பார்வைக்காரர் வரும்வரை தென்னை மரத்தடியில் நின்றார். அதற்கு இன்னொரு மணித்தியாலம். பிறகு த்ரீவீல் தேடி, காசு மாறி, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது நாலு மணித்தியாலம் முடிந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் பற்றரி வயிற்றுக்குள் இருந்தது. வழியிலே எங்கும் சிக்கவில்லை. டொக்டர்மார் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டாம் நாள் அது மலத்தோடு வெளியே வந்தது. பிள்ளை இன்றைக்கு நல்ல சுகமாக இருக்கிறது. இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ ஓடித் திரிகிறது.

ஆனால் தோழர்களே, அந்தப் பிள்ளை தப்பியது எங்களுடைய புத்தியால் இல்லை. பற்றரி தானாகவே கீழே இறங்கியதால் தப்பியது. அது மேலே சிக்கியிருந்தால் அந்த நாலு மணித்தியாலம் என்ன செய்திருக்கும் என்று டொக்டர் தாய்க்குச் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் நாங்கள் இதைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று முடிவெடுத்தோம். அம்மம்மாவில் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் மற்றவர்களைவிடக் கவனமானவர், பற்றரி காணாமற்போனதைக் கண்டதே அவர்தான். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது சங்கத்தின் குறை. அதைத்தான் இன்று திருத்தப் பார்க்கிறோம்.

அது என்ன செய்கிறது?

பற்றரி விஷம் கக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சை அடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிக்கிய பற்றரி செய்கிற பெரிய சேதம் இரண்டும் இல்லை. அது மின்சாரத்தால் வருவது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது எளிதாக விளங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துவிடும் அல்லவா? பற்றரியின் இரண்டு பக்கமும் ஈரமான தசையில் ஒட்டியவுடன் அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். அப்போது பற்றரியின் எதிர்ப் பக்கத்தில், அந்த ஈரத்திலிருந்தே, சுண்ணாம்பின் காரம் போல, அதைவிடப் பல மடங்கு கடுமையான ஒரு காரம் உண்டாகிறது. கோஸ்ட்டிக் சோடா தசையில் பட்டால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் குழாய்க்குள் நடக்கும். பற்றரி உடையத் தேவையில்லை, ஒழுகத் தேவையில்லை. புதுப் பற்றரியாகச் சும்மா இருந்தாலே போதும்.

இன்னொன்றையும் கேளுங்கள். ரிமோட்டில் வேலை செய்யாத பழைய பற்றரி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். லைட்டை எரியவைக்கப் போதாத அந்த மிச்ச மின்சாரம் பிள்ளையின் தொண்டையை வேகவைக்கப் போதும்.

எல்லாப் பொத்தான் பற்றரியும் ஆபத்துத்தான், ஆனால் பெரிய வட்டப் பற்றரி மிக மோசம். அதன் முதுகில் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். அந்த இலக்கம் ஒன்றும் மர்மமில்லை. முதல் இரண்டு இலக்கம் அகலம், 20 மில்லிமீற்றர். பின் இரண்டும் தடிப்பு, 3.2 மில்லிமீற்றர். 2025 என்றால் அதே அகலம், தடிப்பு 2.5. ஏறக்குறைய இந்த ஒரு ரூபாய்க் குற்றி அளவு. சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்குகிற அளவு. அதுவும் இவை 3 வோல்ட். விளையாட்டுச் சாமான்களில் வரும் எல்ஆர் 44 போன்ற சின்னப் பற்றரிகள் 1.5 வோல்ட். அவை பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் மூக்கிலோ காதிலோ போட்டால் அங்கேயும் இதே வேலையைச் செய்யும். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம்முடைய வீடுகளில் எங்கே இருக்கிறது?

கடிகாரத்தில், கல்குலேட்டரில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தேர்மோமீற்றரில், மோட்டார் சைக்கிள் சாவியில், ஃபேன் ரிமோட்டில், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில், நடந்தால் மின்னுகிற சப்பாத்தில் என்று அது இல்லாத இடமில்லை. கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் வெசாக்குக்கும் இப்போது மெழுகுதிரி போலவே பிளாஸ்டிக்கில் விளக்கு விற்கிறார்கள். அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த வட்டப் பற்றரிதான்.

நமது கரையோரத்தில் திருவிழாவுக்குக் குறைவில்லை. முன்னேஸ்வரம் திருவிழா, உடப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்பு, தலவில புனித அன்னம்மாள் திருவிழா என்று எல்லா மதத்தவரும் எல்லாத் திருவிழாவுக்கும் போகிறோம். கடைவீதியில் பிள்ளை அழுதால் மின்னுகிற மோதிரம், சுழலுகிற பம்பரம், லைட் எரிகிற வாள் என்று ஏதாவது வாங்கிக் கொடுக்கிறோம். தகப்பன் நாள் முழுக்கத் தேங்காய் பறித்துச் சம்பாதித்த காசில் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம். அதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்குமுன் திருப்பிப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறோம். பற்றரி மூடியில் ஸ்குரூ பூட்டியிருக்கிறதா? நகத்தால் இழுத்தால் வராதா? அப்படியென்றால் வாங்கலாம். கையோடு திறந்துவிட்டால் அது பிள்ளைக்குக் கொடுக்கும் சாமான் இல்லை.

வீட்டில் இருப்பவற்றுக்கு, மூடியைச் சுற்றி நல்ல பிளாஸ்டர் ஒட்டுங்கள், ஒன்றுக்கு இரண்டு சுற்று. மேலதிகப் பற்றரியைச் சாமித்தட்டிலும் அலுமாரி மேலும் வெறுமனே போட்டு வைக்க வேண்டாம். மூடி இறுகிய போத்தலில் போட்டுப் பிள்ளை ஏற முடியாத உயரத்தில் வையுங்கள். கழற்றிய பற்றரியைப் பிள்ளை முன்னால் கழற்ற வேண்டாம், கழற்றியதும் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். தென்னை அடியில் எறிவது, குப்பைக்குழியில் போடுவது வேண்டவே வேண்டாம். மழைக்குப் பிறகு மணலில் மினுங்குவதைப் பொறுக்குவது நம்முடைய பிள்ளைகளின் விளையாட்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

சந்தேகம் வந்தால்

விழுங்கியதைக் கண்ணால் கண்டால் எல்லோரும் ஓடுவீர்கள். பிரச்சினை என்னவென்றால், பல தடவை யாரும் காண்பதில்லை. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தாலும் எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், குரல் கம்மும், வாந்தி எடுக்கும், நெஞ்சைப் பிடித்து அழும். நாங்கள் தடிமன் என்போம், கண்ணூறு என்போம், பல் முளைக்கிறது என்போம். டொக்டருக்கும் அப்படித் தோன்றலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று இப்படித்தான் நோயுற்றது. முதலில் அது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் இருமல் வருத்தம் என்றே நினைத்தார்கள். பிறகுதான் வீட்டு ரிமோட்டில் பற்றரி இல்லாததைப் பெற்றோர் கண்டார்கள். சத்திர சிகிச்சைகள் செய்தும் அந்த டிசம்பரில் பிள்ளை இறந்துபோனது. அவ்வளவு வசதி உள்ள நாட்டில் அது நடந்தது. அதனால்தான் சொல்கிறோம், பிள்ளைக்கு இப்படி ஏதும் குணம் தெரிந்தால் வீட்டிலுள்ள ரிமோட்டையும் பொம்மையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பற்றரி குறைந்தால், சந்தேகமே போதும். நிச்சயம் வரும்வரை காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று வீடு திரும்பினால் யாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நம்முடைய மாவட்டத்திலும் ஓடுகிறது. தோட்டத்துப் பாதைகள் வெளியாருக்கு விளங்காது. ஆகவே ஒருவர் பெரிய றோட்டுச் சந்திக்குப் போய் நிற்க வேண்டும், இரவென்றால் ரோச் லைட்டோடு. அம்பியூலன்ஸ் சுணங்கும் என்றால் கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள்.

இரண்டாவது, எக்ஸ்ரே வசதியுள்ள கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துக்கடையிலோ டிஸ்பென்சரியிலோ நேரத்தை விட வேண்டாம். கொழும்புச் சிறுவர் ஆஸ்பத்திரிதான் நல்லது என்று நேரே பஸ் ஏறவும் வேண்டாம். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கற்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் புத்தளம் வரவே நாற்பதுக்கு மேல். பஸ்ஸில் இருக்கும்போதே அந்த இரண்டு மணித்தியாலமும் முடிந்துவிடும். கிட்டிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எடுக்க முடிந்தால் அங்கேயே எடுப்பார்கள், இல்லையென்றால் அவர்களே முன்கூட்டிப் பேசி அம்பியூலன்ஸில் அனுப்புவார்கள்.

மூன்றாவது, வாசலிலேயே "பற்றரி" என்ற சொல்லைச் சொல்லுங்கள். "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று சொல்லி வரிசையில் உட்கார வேண்டாம். சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால், "லமயா பெட்டரியக் கிலலா" என்று சொல்லுங்கள். பிள்ளை பற்றரி விழுங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சரி. காசு விழுங்கிய பிள்ளையைச் சில நேரம் பொறுத்துப் பார்ப்பார்கள், பற்றரியில் பொறுக்க முடியாது. எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகத் தெரியும், பற்றரியின் ஓரம் இரட்டை வளையமாகத் தெரியும். அதே மாதிரிப் பற்றரி வீட்டில் இருந்தால், அல்லது அதன் அட்டை இருந்தால், கையோடு கொண்டுபோங்கள்.

நாலாவது, தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், அரைகுறையாகக் கேட்டால் ஆபத்து. 2018இல் அமெரிக்க டொக்டர்மார் பல சாமான்களைச் சோதித்துப் பார்த்தார்கள். தேன், பற்றரியைச் சுற்றிப் பூசிக்கொண்டு அந்தக் காரத்தைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அதன் பிறகு அங்குள்ள நஞ்சுத் தகவல் நிலையம் சொல்லும் முறை இதுதான். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளையால் விழுங்க முடிய வேண்டும். அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி, ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இங்கே தேன் என்பது தேனீயின் தேன். கித்துல் பாணியும் தென்னம் பாணியும் இல்லை. வீட்டில் தேன் இருந்தால் போகிற வழியில் கொடுங்கள். இல்லையென்றால் அதைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். தேன் பற்றரியை வெளியே எடுக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

செய்யக்கூடாதவை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். தலைகீழாகப் பிடித்துக் குலுக்காதீர்கள். வாழைப்பழம், சோறு, பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுத்தான் பற்றரியை எடுப்பார்கள், அதற்கு வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. மூக்கிலோ காதிலோ போட்டிருந்தால் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடாதீர்கள், கிண்டாதீர்கள். பிள்ளை மூச்சுவிட முடியாமல் திணறினால் அது வேறு விஷயம். அப்போது முன்பக்கம் சரித்து முதுகில் தோள்களுக்கு நடுவே தட்டிக்கொண்டே 1990க்கு அழையுங்கள்.

இன்னும் ஒன்று. பற்றரியை எடுத்துவிட்டார்கள், முடிந்தது என்று கிளினிக் போகாமல் விடாதீர்கள். வெந்த இடம் உள்ளே அரித்துக்கொண்டே போய், நாள் கழித்து, சில நேரம் வாரங்கள் கழித்து இரத்தம் கொட்டலாம். வீடு வந்தபிறகு பிள்ளை இரத்தமாக வாந்தி எடுத்தாலோ கருப்பாக மலம் போனாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

சிலர் கேட்கலாம், இது சுகாதார மருத்துவிச்சி சொல்ல வேண்டியது, சங்கத்துக்கு என்ன வேலை என்று. அந்த வீட்டின் நாலு மணித்தியாலத்தைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். போன் இல்லாததால் ஒன்று. பேர் வெட்டுவார்கள் என்ற பயத்தில் இன்னொன்று. வாகனமும் காசும் இல்லாததால் மிச்சம். பற்றரி கேட்பது இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டையும் தின்றது தாயின் அறியாமை மட்டும் இல்லை, வேலைத்தலத்தின் ஒழுங்கும் சேர்ந்துதான். அது சங்கத்தின் வேலை.

ஆகவே மாதர் பிரிவு நாலு கோரிக்கையை இந்தக் கூட்டத்தில் வைக்கிறது.

ஒன்று, பிள்ளைக்கு அவசரம் என்று செய்தி வந்தால் தாயோ தகப்பனோ அந்த நிமிடமே புறப்படலாம். அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்தில் வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். அன்றைய பேர் வெட்டக்கூடாது.

இரண்டு, தோட்டத்தில் நிற்கும் வாகனம் எதுவோ, அது பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அது இல்லாத நேரம் த்ரீவீல் காசைத் தோட்டம் கொடுக்க வேண்டும்.

மூன்று, பிள்ளை மடுவத்திலும் பிரட்டுக் களத்திலும் 1990 என்று பெரிய எழுத்தில் எழுதி, சார்ஜ் உள்ள போன் ஒன்றை வைக்க வேண்டும். ஆயம்மாவுக்கும் வீட்டில் பிள்ளை பார்க்கும் பாட்டிமாருக்கும் இந்த விஷயங்களைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும்.

நாலு, கழிந்த பற்றரிகளைப் போட அலுவலகத்தில் மூடியுள்ள ஒரு பெட்டி.

இதில் எதுவும் கம்பனியை ஏழையாக்காது. எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் நமது வேலை.

சந்தையில் விற்கும் சாமானைப் பற்றியும் நாம் வாய் திறக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் மூன்று பிள்ளைகளை இந்தப் பற்றரிக்குப் பறிகொடுத்தார்கள். 2022 ஜூன் 22ஆம் திகதியிலிருந்து அங்கே சட்டம். பற்றரி மூடி பிள்ளையின் கைக்குத் திறக்கக்கூடாது, பற்றரி அட்டையையும் பிள்ளையால் கிழிக்க முடியக்கூடாது, எச்சரிக்கை அச்சடித்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அமெரிக்காவும் சட்டம் போட்டது. டெக்சாஸில் இறந்த அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அதை ரீஸ் சட்டம் என்கிறார்கள். பிள்ளையை இழந்த தாய் ஒருவர் விடாமல் கேட்டதால் வந்த சட்டம் அது. அந்த அளவு இறுக்கத்தை நம்முடைய கடைகளிலும் திருவிழாக் கடைவீதியிலும் காண வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒரு மகஜர் எழுதுவோம். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் போடலாம். எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முடிக்கிறோம். மகஜருக்குப் பதில் வர நாளாகும். துரையிடம் பேசவும் இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரும். ஆனால் ஒரு வேலையை யாரையும் கேட்காமல் இன்று இரவே செய்யலாம். வீட்டுக்குப் போனதும் பிள்ளை தூங்கிய பிறகு, வீட்டிலுள்ள ரிமோட், பொம்மை, விளக்கு எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திறப்பதைப் பிளாஸ்டரால் கட்டுங்கள். கட்ட முடியாததை உயரத்தில் வையுங்கள். பாட்டி, தாத்தா, மூத்த பிள்ளைகள் எல்லோருக்கும் 1990ஐ மனப்பாடமாக்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம், எத்தனை ரிமோட்டுக்குப் பிளாஸ்டர் ஒட்டினீர்கள் என்று. பதிலோடு வாருங்கள்.